முன்னறிவும் கதையும்: திகில், மிகுபுனைவு, அறிவியல் புனைகதைகளின் பொருண்மைத் தொகுப்புகளை முன்வைத்து

முன்னுரை

சிறுகதை தனித்து நின்று வாசிக்கப்படுவது அரிது. இதழில் வெளிவரும்போது பிற எழுத்துகளுக்கு இடையிலும், நூலாகும்போது பிற கதைகளுக்கு இடையிலும் அது வாசகரைச் சென்றடைகிறது. அவ்வாறு சேர்ந்து நிற்கும் கதைகளுக்குப் பொதுப்பெயர் ஒன்று சூட்டப்பட்டுவிட்டால், கதையைத் தொடங்கும் முன்னரே அதைப் பற்றிய ஓர் அறிவு வாசகருக்கு வந்து சேர்கிறது. இரத்தக் காட்டேரிக் கதைகளின் தொகுப்பு என்று அறிந்து நூலைக் கையில் எடுத்தவர், முதற் பக்கத்தில் தோன்றும் அயலானை ஐயத்துடனேயே நோக்குவார். கதையாசிரியர் பத்துப் பக்கங்கள் மறைத்து வைத்த செய்தியைத் தொகுப்பாசிரியர் அட்டையிலேயே சொல்லிவிடுகிறார்.

திகில் கதை, மிகுபுனைவு, அறிவியல் புனைகதை ஆகிய மூன்று வகைகளிலும் பொருண்மைத் தொகுப்புகள் மிகுதியாக வெளிவருகின்றன. ஒரே பொருளைப் பற்றிப் பல ஆசிரியர்கள் எழுதிய கதைகளைத் திரட்டித் தருவது, அல்லது ஒரு பொருளை முன்வைத்துப் புதிய கதைகளை எழுதுவிப்பது இத்தொகுப்புகளின் இயல்பு. இவற்றைப் பற்றிய மதிப்புரைகள் பெரும்பாலும் எந்தக் கதை நன்று, எந்தக் கதை நன்றன்று என்னும் அளவிலேயே நின்றுவிடுகின்றன. பொருண்மை என்னும் சட்டகம் கதையின்மேல் நிகழ்த்தும் வினை போதிய கவனம் பெறவில்லை. சட்டகம் தரும் முன்னறிவு மூவகைக் கதைகளிலும் ஒரே விளைவைத் தருவதில்லை என்பதும், தொகுப்பாசிரியரின் திறன் அந்த வேறுபாட்டை உணர்வதிலேயே அடங்கியுள்ளது என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள்களாகும்.

தொகுத்தலும் பொருண்மையும்

தொகுத்தல் தமிழ் மரபிற்குப் புதியதன்று. எட்டுத்தொகை நூல்களுள் நற்றிணை, குறுந்தொகை, அகநானூறு ஆகியவை அடியளவை அடிப்படையாகக் கொண்டவை. கலித்தொகையும் பரிபாடலும் யாப்பால் பெயர் பெற்றவை. ஐங்குறுநூற்றிலும் கலித்தொகையிலும் பாடல்கள் திணைவாரியாகப் பகுத்து வைக்கப்பட்டுள்ளன. அகநானூற்றின் வைப்புமுறை வேறு. ஒற்றைப்படை எண் பெற்ற பாடல்கள் பாலை. 2, 8 என முடிவன குறிஞ்சி. 4 என முடிவன முல்லை. 6 என முடிவன மருதம். 10, 20 எனப் பத்துகளாக வருவன நெய்தல். இம்முறையால் ஒரு திணையைச் சேர்ந்த பாடல்கள் ஓரிடத்தில் குவியாமல் விரவி நிற்கின்றன. பாலையின் வெம்மையைக் கடந்து வந்தவர் அடுத்த பாடலில் மலைச்சாரலையோ முல்லை நிலத்தையோ காண்கிறார். பொருளால் பகுத்து வைத்தல், பொருளை விரவ வைத்தல் என்னும் இருவழிகளும் பழந்தமிழ்த் தொகுப்பாளர்களுக்குத் தெரிந்திருந்தன என்பதற்கு இவை சான்று.

ஐங்குறுநூற்றின் பத்துகள் இவ்விடத்தில் தனியே நோக்கத்தக்கவை. மருதப் பகுதியில் வரும் கள்வன் பத்தில் நண்டும், எருமைப் பத்தில் எருமையும் பாடல்தோறும் இடம்பெறுகின்றன. ஆயினும் அப்பாடல்கள் நண்டைப் பற்றியனவோ எருமையைப் பற்றியனவோ அல்ல. பொதுமை கருப்பொருளில் நிற்க, கூற்றுக்குரியாரும் கூற்று நிகழும் சூழலும் மாறிக்கொண்டே செல்கின்றன. ஒன்று நிலையாக நிற்பதால்தான் மற்றொன்றின் மாற்றம் கண்ணுக்குப் புலனாகிறது.

புறநானூற்றுப் பாடல்களின் திணை, துறைக் குறிப்புகள் நிற்கும் இடமும் கருதத்தக்கது. அவை பாடலின் பின்னே நிற்கின்றன. பாடலைப் படித்து முடித்தவருக்கே அது இன்ன துறை என்னும் செய்தி கிடைக்கிறது. பொருண்மை உண்டு, ஆனால் அது வாசிப்பை முந்திக்கொள்வதில்லை. இக்காலப் பொருண்மைத் தொகுப்பு இதற்கு நேர்மாறானது. அதில் துறைக்குறிப்பு அட்டையிலேயே அச்சிடப்பட்டுவிடுகிறது. முன்னறிவு என்னும் சிக்கல் இங்கிருந்தே தொடங்குகிறது.

அறிவியல் புனைகதை: புதுமை வழக்காதல்

அமெரிக்க அறிவியல் புனைகதை நெடுங்காலம் மலிவுவிலை இதழ்களிலேயே வாழ்ந்தது. இதழ்கள் மறைந்தால் கதைகளும் மறையும் என்ற நிலையை மாற்றியதில் 1946ஆம் ஆண்டிற்குப் பெரும் பங்குண்டு. குரோஃப் காங்க்ளின் தொகுத்த 'தி பெஸ்ட் ஆஃப் சயின்ஸ் ஃபிக்‌ஷன்' என்னும் பெருந்தொகுப்பும், ரேமண்ட் ஹீலி, பிரான்சிஸ் மெக்கோமஸ் ஆகியோர் தொகுத்த 'அட்வென்ச்சர்ஸ் இன் டைம் அண்ட் ஸ்பேஸ்' என்னும் தொகுப்பும் அவ்வாண்டில் வெளிவந்தன. காங்க்ளின் அடுத்த பத்தாண்டுகளில் பொருண்மைவாரியாகவும் தொகுக்கலானார். புவியின்மேல் படையெடுப்போர் பற்றிய 'இன்வேடர்ஸ் ஆஃப் எர்த்' 1952இலும், சிந்திக்கும் எந்திரங்கள் பற்றிய 'சயின்ஸ் ஃபிக்‌ஷன் திங்கிங் மெஷின்ஸ்' 1954இலும் வெளிவந்தன.

டார்கோ சுவின் தம் 1979ஆம் ஆண்டு நூலில், அறிவியல் புனைகதையின் உயிர்நிலை அதில் இடம்பெறும் 'புதுக்கூறு' என்றார். வாசகர் வாழும் உலகில் இல்லாத, எனினும் அறிவால் ஏற்கத்தக்க ஒன்று கதைக்குள் நுழைந்து அதன் உலகு முழுவதையும் மாற்றியமைக்க வேண்டும் என்பது அவர் கருத்து. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் மருட்கைக்குரிய நிலைக்களன்களுள் முதலாவதாகப் புதுமையை வைப்பதும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. சிந்திக்கும் எந்திரத்தை முதன்முதலாக ஒரு கதையில் காணும் வாசகருக்கு அது மருட்கையைத் தரும். அடுத்தடுத்துப் பல கதைகளில் அதையே காண்பவருக்கு அது வழக்கமாகிவிடும். பொருண்மைத் தொகுப்பு புதுக்கூற்றின் புதுமையைத் தேய்க்கிறது என்பதில் ஐயமில்லை.

எனினும் இழப்பிற்கு ஈடாக ஒன்று கிடைக்கிறது. எந்திரம் உண்டு என்பது வழக்காகிவிட்ட பின், எந்திரத்திற்கும் மனிதருக்கும் உள்ள உறவு எத்தகையது என்னும் வாதம் தொடங்குகிறது. ஐசக் அசிமோவின் கதைகள் இதற்குத் தக்க சான்று. எந்திர மனிதர்களுக்கான மூன்று விதிகளும் 1942இல் வெளிவந்த 'ரன்அரவுண்ட்' கதையில் வெளிப்படையாக வகுத்துரைக்கப்பட்டன. 1950இல் 'ஐ, ரோபாட்' என்னும் பெயரில் ஒன்பது கதைகள் ஒரு சட்டகத்திற்குள் தொகுக்கப்பட்டபோது, வாசகர் விதிகளை அறிந்தவராகவே அடுத்தடுத்த கதைகளுக்குள் நுழைந்தார். விதி எவ்வாறு சிக்கலாகிறது என்பதே அங்குக் கதையின் சுவை. ஆட்டத்தின் விதி தெரியாதவருக்கு ஆட்டத்தில் சுவை இல்லை. ஆகவே அறிவியல் புனைகதையில் முன்னறிவு வியப்பைக் குறைத்து வாதத்தை வளர்க்கிறது எனலாம். புரூஸ் ஸ்டெர்லிங் 1986இல் தொகுத்த 'மிரர்ஷேட்ஸ்' சைபர்பங்க் இயக்கத்தின் கொள்கை அறிக்கையாகவே அமைந்ததற்கும், அத்தொகுப்பின் முன்னுரை அதன் கதைகளுக்கு இணையாகப் பேசப்பட்டதற்கும் இவ்வியல்பே காரணம்.

திகில்: முன்னறிவின் இழப்பு

திகில் கதையின் நிலை வேறு. அறிவியல் புனைகதையும் மிகுபுனைவும் தம்மிடம் உள்ள பொருளால் அறியப்படுகின்றன. திகில் கதையோ வாசகரிடம் தோற்றுவிக்கும் உணர்ச்சியால் பெயர் பெற்றது. அச்சம் என்னும் மெய்ப்பாடே அதன் இலக்கணம். அச்சத்திற்கு அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கு நிலைக்களன்களைத் தொல்காப்பியம் வகுக்கிறது. நிலைக்களன் வேறு, மெய்ப்பாடு வேறு என்னும் தெளிவு இப்பகுப்பில் உண்டு. அணங்கு இருப்பதால் மட்டும் அச்சம் பிறந்துவிடாது. அது தோன்றும் முறையால் பிறக்க வேண்டும்.

பொருண்மைத் திகில் தொகுப்பு தேர்ந்துகொள்வது நிலைக்களனை, வாக்களிப்பது மெய்ப்பாட்டை. இவ்விரண்டிற்கும் இடையே விரிசல் உண்டு. த்ஸ்வெதான் தோதொரோவ் 1970ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில், விந்தைப் புனைவின் அடிப்படை தயக்கம் என்று விளக்கினார். நிகழ்ந்தது இயற்கையானதா, இயற்கை கடந்ததா என்று முடிவு செய்ய இயலாமல் வாசகர் தயங்கும் காலம் வரையிலேயே அவ்வகை உயிர் வாழ்கிறது. தயக்கம் தீர்ந்த நொடியில் கதை வேறு வகைக்குள் சென்றுவிடுகிறது. பேய்க்கதைத் தொகுப்பு என்னும் பெயர், கதை தொடங்கும் முன்பே அத்தயக்கத்தைத் தீர்த்துவிடுகிறது. திகில் கதைக்குப் பொருண்மைத் தொகுப்பு விளைக்கும் முதன்மையான கேடு இதுவே.

இக்கேட்டை உணர்ந்து அதற்கு மாற்று வழி கண்ட தொகுப்பாசிரியர்களுள் எல்லன் டேட்லோ குறிப்பிடத்தக்கவர். அவர் 1989இல் வெளியிட்ட 'பிளட் இஸ் நாட் இனஃப்' பதினேழு படைப்புகளைக் கொண்டது. இரத்தம் மட்டும் போதாது என்னும் பொருள்படும் அத்தலைப்பே தொகுப்பின் நெறியைச் சொல்லிவிடுகிறது. காட்டேரி என்னும் உருவத்தை விட்டுவிட்டு, ஓர் உயிர் மற்றோர் உயிரை உறிஞ்சி வாழும் செயலை மட்டும் அவர் பொதுவாகக் கொண்டார். 1949இல் வெளிவந்த ஃபிரிட்ஸ் லைபரின் கதையில் விளம்பரப் படங்களுக்கு நிற்கும் ஒரு பெண் தன்னை விரும்புவோரின் வாழ்வையே உண்கிறாள். அங்கு இரத்தம் இல்லை. பார்வை மட்டுமே உண்டு. ருஷிய எழுத்தாளர் லியோனிட் ஆந்திரேயெவின் 'லாசரஸ்' 1906இல் எழுதப்பட்டது. இறந்து மீண்டவனின் கண்களை நோக்கியவர்கள் வாழும் விருப்பத்தை இழப்பதை அக்கதை சொல்கிறது. விவிலியச் செய்தியை அடியாகக் கொண்டு எழுந்த அக்கதையை எவரும் காட்டேரிக் கதை என்று முதல் நோக்கில் கூறார். இத்தொகுப்பில் இடம்பெற்ற பின்னரோ அவ்வாறு வாசிக்காமல் இருத்தல் அரிது. சட்டகம் இங்குக் கதையைச் சுருக்கவில்லை. அதற்குள் முன்பு காணப்படாத ஓர் அறையைத் திறந்துவிட்டது.

அதே தொகுப்பில் உள்ள ஜாக் டேன், கார்ட்னர் டோசுவா இருவரும் இணைந்து எழுதிய கதை முன்னறிவை மற்றொரு வகையில் பயன்கொள்கிறது. 1982இல் முதலில் வெளிவந்த அது நாஜி வதைமுகாமில் நிகழ்கிறது. கைதிகளுள் ஒருவன் காட்டேரி. தொகுப்பின் பெயரால் வாசகர் இதை ஊகித்துவிட இயலும். ஊகிப்பதால் கதைக்கு இழப்பு நேர்வதில்லை. முகாமை நடத்துவோர் காட்டேரிகள் அல்லர்; இயல்பான மனிதர்கள். அவர்கள் முன் காட்டேரியின் கொடுமை சிறுத்துப் போகிறது. தொல்காப்பிய வகைமையில் சொல்வதானால், அணங்கு பற்றிய அச்சத்தை எதிர்பார்த்து நுழைந்தவர் இறை பற்றிய அச்சத்தில் சென்று சேர்கிறார். எதிர்பார்த்த அச்சம் எதிர்பாராத அச்சத்திற்குத் திரையாக நிற்கிறது. திகில் தொகுப்பின் பொருண்மை வெற்றி பெறும் இடம் இத்தகையதே.

எழுதுவித்தல்: பொருண்மை அனுமதியாதல்

வெளிவந்த கதைகளைத் திரட்டுவது ஒரு நெறி. புதிய கதைகளை எழுதுவித்தல் மற்றொரு நெறி. இரண்டாவதற்குப் பெரும் சான்றாக ஹார்லன் எல்லிசன் 1967இல் வெளியிட்ட 'டேஞ்சரஸ் விஷன்ஸ்' நிற்கிறது. அதில் முப்பத்துமூன்று புதிய கதைகள் இடம்பெற்றன. அதன் பொருண்மை எந்திரமோ வேற்றுலகோ அன்று. இதழாசிரியர்கள் ஏற்கத் துணியாத கதைகளை எழுதுக என்னும் அழைப்பே அதன் பொருண்மை. அது பொருள் என்பதைவிட அனுமதி எனலே பொருந்தும். எதைப் பற்றிய கதை என்பதை வாசகர் அறியார். ஏதோ ஒரு வரம்பு மீறப்படும் என்பதை மட்டும் அறிவார். இம்முன்னறிவு கதையைக் காட்டிக்கொடுப்பதில்லை. ஃபிரிட்ஸ் லைபர், பிலிப் ஹோசே ஃபார்மர், சாமுவேல் டிலேனி ஆகியோரின் கதைகள் ஹ்யூகோ, நெபுலா விருதுகளைப் பெற்றமை அழைப்பு வீணாகவில்லை என்பதைக் காட்டும்.

இத்தொகுப்பின் அமைப்பில் ஒரு செய்தி கவனிக்கத்தக்கது. கதைதோறும் முன்னே எல்லிசனின் அறிமுகமும், பின்னே கதையாசிரியரின் குறிப்பும் நிற்கின்றன. அறிமுகங்கள் பல நீண்டவை; தொகுப்பாசிரியரின் குரல் ஓங்கி ஒலிப்பவை. ஆசிரியர் குறிப்போ கதை முடிந்த பின் வருவதால் வாசிப்பிற்கு ஊறு செய்வதில்லை. புறநானூற்றுத் துறைக்குறிப்பு நிற்கும் இடத்தில் இதுவும் நிற்கிறது. தொகுப்பின் அறிமுகங்களைக் கடைசியாக வாசிப்பவருக்கே கதைகள் தம் முழு வலிமையுடன் கிடைக்கும்.

அனுமதி என்னும் பொருண்மைக்குக் காலவரம்பு உண்டு. இரண்டாம் தொகுப்பு 1972இல் வெளிவந்தது. மூன்றாவது அறிவிக்கப்பட்டும் எல்லிசன் 2018இல் மறையும் வரை வெளிவரவில்லை, 2024இல் ஜே. மைக்கேல் ஸ்டிராசின்ஸ்கியின் பொறுப்பில் வெளிவந்தது. அதற்குள் 1967இல் ஆபத்தாகக் கருதப்பட்டவை பல பொதுவழக்காகிவிட்டன. வரம்பு நகர்ந்துவிட்டால் மீறலுக்குப் பொருள் இல்லை. பொருளை அடிப்படையாகக் கொண்ட தொகுப்பு மெல்ல மூப்படையும். அனுமதியை அடிப்படையாகக் கொண்டது விரைந்து மூப்படையும்.

மரபை ஆக்குதல்

ஷெரீ தாமஸ் 2000ஆம் ஆண்டில் தொகுத்த 'டார்க் மேட்டர்' ஆப்பிரிக்க வழிவந்தோரின் நூற்றாண்டுக் காலப் புனைவுகளைத் திரட்டியது. அண்டத்தில் கண்ணுக்குப் புலனாகாமல், தன் ஈர்ப்பால் மட்டும் இருப்பை உணர்த்தும் கரும்பொருளே இத்தொகுப்பின் பெயர். கறுப்பின எழுத்தாளர்களின் பங்களிப்பு இருந்தும் காணப்படாமல் இருந்த நிலைக்கு அது உவமையாகிறது. இத்தொகுப்பின் பொருண்மை கதைக்குள் இல்லை. எழுதியவரின் வரலாற்றில் உள்ளது. கதையில் என்ன நிகழும் என்பதை வாசகர் முன்கூட்டி அறியமாட்டார். ஆகவே முன்னறிவின் கேடு இங்குக் குறைவு.

டு பாய்ஸின் 'தி காமெட்' இதற்குச் சான்று. வால்மீனின் நச்சுக்காற்றால் நியூயார்க் நகரம் மடிய, ஒரு கறுப்பினத் தொழிலாளியும் ஒரு வெள்ளையினச் செல்வமகளும் மட்டும் எஞ்சியதாக எண்ணுகின்றனர். நிறம் பொருளற்றுப் போகும் அந்தச் சிறு பொழுது, பிறர் உயிருடன் வந்து சேர்ந்ததும் முடிந்துவிடுகிறது. 1920இல் இக்கதை கட்டுரைகளும் கவிதைகளும் விரவிய 'டார்க்வாட்டர்' என்னும் நூலில் இடம்பெற்றது. அங்கு அது இனச் சிக்கல் பற்றிய வாதத்தின் ஒரு பகுதி. எண்பது ஆண்டுகளுக்குப் பின் 'டார்க் மேட்டர்' அதை அறிவியல் புனைகதையின் முன்னோடியாக்கியது. கதை மாறவில்லை, அதன் சுற்றம் மாறியது.

டிலேனியின் 'ஆய், அண்ட் கொமோரா' 'டேஞ்சரஸ் விஷன்ஸ்' தொகுப்பின் இறுதிக் கதை. விண்வெளிப் பணிக்காகப் பாலியல்பு நீக்கப்பட்டோரையும், அவர்களை விழைவோரையும் பற்றியது அது. 1967இல் பாலியல் வரம்பை மீறும் கதையாக அது வாசிக்கப்பட்டது. 'டார்க் மேட்டர்' தொகுப்பிலும் அக்கதை இடம்பெற்றுள்ளது. அங்கு வாசிப்போருக்கு உடலின்மேல் பிறர் செலுத்தும் ஆதிக்கமும், அவ்வுடலை அருவருப்புடன் விரும்பும் சமூகமும் முன்நிற்கின்றன. இரு வாசிப்புகளும் கதைக்குள் இடம்பெறத் தக்கவையே. ஒரு பாடலுக்கு இரு துறை கூறும் உரைமரபை அறிந்தவர்களுக்கு இது வியப்பைத் தராது. ஆயினும் ஓர் இடர் உண்டு. எழுதியவரின் இனமே சட்டகமாகும்போது, அவர் எழுதிய அனைத்தும் இனத்தைப் பற்றியதாகவே வாசிக்கப்பட்டுவிடலாம். மறைந்திருந்த மரபை மீட்கும் தொகுப்பு, மீட்கப்பட்ட எழுத்தை அம்மரபிற்குள்ளேயே அடைத்துவிடவும் கூடும்.

மிகுபுனைவு: முன்னறிவே முதல்

இந்தியச் சூழலில் அறிவியல் புனைகதைத் தொகுப்புகள் வகையையே பொருண்மையாகக் கொண்டு தொடங்கின. பால் போண்ட்கே தொகுத்து 1993இல் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்ட 'இட் ஹேப்பன்ட் டுமாரோ' பல இந்திய மொழிகளிலிருந்து பத்தொன்பது கதைகளை ஆங்கிலத்தில் தந்தது. இந்தியாவிலும் இவ்வகை உண்டு என்று நிறுவுவதே அதன் பணி. தருண் கே. செயின்ட் 2019இல் தொகுத்த 'தி கொலான்ஸ் புக் ஆஃப் சவுத் ஏஷியன் சயின்ஸ் ஃபிக்‌ஷன்' அப்பணியைத் தெற்காசிய அளவிற்கு விரித்தது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட காலத்தில், 2012இல் ஜுபான் பதிப்பகம் வெளியிட்ட 'பிரேக்கிங் தி போ' வேறு துணிவைக் காட்டியது. அனில் மேனன், வந்தனா சிங் ஆகியோர் தொகுத்த அந்நூல் இராமாயணத்தை அடியாகக் கொண்ட கற்பனைப் புனைவுகளைத் திரட்டியது.

வெளிவந்த காலம் நினைவில் கொள்ளத்தக்கது. வால்மீகியையும் கம்பரையும் பிற இராமகாதைகளையும் அருகருகே வைத்துப் பேசும் ஏ. கே. இராமானுஜனின் 'முந்நூறு இராமாயணங்கள்' என்னும் கட்டுரை, 2011இல் தில்லிப் பல்கலைக்கழகத்தின் இளங்கலை வரலாற்றுப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கப்பட்டது. அதற்கடுத்த ஆண்டில், இராமகாதை பலவாதல் இயல்பே என்னும் கருத்தைக் கதைகளின் வாயிலாகவே ஒரு தொகுப்பு முன்வைத்தது. சிவன் வில்லை முறித்த நிகழ்ச்சியை நினைவூட்டும் அதன் தலைப்பிற்கு இச்சூழலில் மற்றொரு பொருளும் கிடைத்துவிடுகிறது.

திகில் கதைக்குக் கேடாக அமைந்த முன்னறிவு இங்கு முதலாக அமைகிறது. சீதை கவரப்படுவாள், இராவணன் வீழ்வான், தீப்புகுதல் நிகழும் என்பன வாசகர் அறிந்தவை. என்ன நிகழும் என்பதில் சுவை இல்லை. எவ்வுலகில், யார் வாயிலாக, எந்த நீதியின் கண்கொண்டு நிகழும் என்பதிலேயே சுவை உண்டு. குழலி மாணிக்கவேலின் கதை இதைத் தன் நீண்ட தலைப்பிலேயே செய்து காட்டுகிறது. இராமாயணத்தை அமெரிக்க மெய்ந்நிகழ்ச்சித் தொலைக்காட்சித் தொடராகக் கற்பித்து, சூர்ப்பனகை உறுப்பறுபட்டதைத் தொடர்ந்து இணையத்தில் எழும் ஆரவாரத்தை அது பதிவு செய்கிறது. காப்பியம் நிகழ்ச்சியாகக் கூறி நகர்ந்த ஒன்றை, பார்வையாளரின் கொடுமையாக அது மாற்றிவிடுகிறது. சூர்ப்பனகையின் கதையை அறியாதவருக்கு இக்கதையின் கூர்மை எட்டாது.

வந்தனா சிங்கின் 'ஒப்லிவியன்: எ ஜர்னி' சட்டகத்தின் ஆற்றலை அளந்தறிய உதவும் அரிய சான்று. தம் உலகை அழித்தவனை விண்வெளியில் நெடுங்காலம் தொடர்ந்து செல்லும் ஒருவரின் பழிவாங்கும் பயணம் அது. மைக் ஆலன் தொகுத்த 'கிளாக்வொர்க் ஃபீனிக்ஸ்' என்னும் தொகுப்பில் 2008இல் அது முதலில் வெளிவந்தது; அடுத்த ஆண்டில் ஹார்ட்வெல், கிரேமர் இணையரின் ஆண்டுத் தொகுப்பிலும் இடம்பெற்றது. முதல் தொகுப்பில் அழகும் விந்தையும் கொண்ட கதை. இரண்டாவதில் அவ்வாண்டின் சிறந்த அறிவியல் புனைகதைகளுள் ஒன்று. 'பிரேக்கிங் தி போ' தொகுப்பிலோ அது இராமாயணத்தின் மறுகூற்று. காப்பிய எதிரொலி கதைக்குள் முதலிலிருந்தே இருந்தது; முன்னிரு தொகுப்புகளில் வாசகர் தாமே கண்டெடுக்க வேண்டியிருந்த அது, மூன்றாவதில் வாயிலிலேயே வைக்கப்பட்டது. கண்டெடுக்கும் இன்பம் போயிற்று. அதற்கு ஈடாக, பழிவாங்குவோர் இராமனா இராவணனா என்னும் வினா முதற் பக்கத்திலிருந்தே வாசகரைப் பின்தொடர்கிறது.

இத்தொகுப்பின் குறையும் அதன் பொருண்மையிலிருந்தே பிறக்கிறது. சீதையும் தீப்புகுதலும் மீண்டும் மீண்டும் வருவதைக் கதைத்தலைப்புகளே காட்டும். மறுகூற்றின் அறச்சீற்றம் ஒரே புள்ளியில் குவிந்துவிடுவதால், பின்வரும் கதைகள் முன்வந்தவற்றின் நிழலில் நிற்க நேர்கிறது. நிலையாக நிற்க வேண்டியது எது, மாற வேண்டியது எது என்னும் வரையறை தளர்ந்தால் தொகுப்பு ஒரே கதையின் பல படிகளாகத் தோன்றிவிடும். காப்பியத்தின் வேறு முடிச்சுகளைத் தொட்ட கதைகளே இத்தொகுப்பில் நினைவில் தங்குகின்றன.

தமிழ்ச் சூழலுக்குரிய செய்திகள்

இராமகாதை மறுகூற்றில் தமிழ்ச் சிறுகதை முன்சென்றது. புதுமைப்பித்தனின் 'சாபவிமோசனம்' 1943இல் வெளிவந்தது. சீதை தீப்புகுந்ததைக் கேட்ட அகலிகை மீண்டும் கல்லாகும் அக்கதைக்கு எந்தப் பொருண்மைச் சட்டகமும் துணை நிற்கவில்லை. வாசகரின் காப்பிய அறிவே அதற்குப் போதுமான சட்டகமாக இருந்தது. அதே ஆண்டில் வெளிவந்த 'காஞ்சனை'யின் நிலை வேறு. வீட்டிற்குள் வந்து சேர்ந்த பெண் யார் என்பது இறுதிவரை உறுதிப்படாமையே அதன் உயிர். பேய்க்கதைகளின் தொகுப்பு ஒன்றில் அதை வைத்தால், ஆசிரியர் விடுவிக்காமல் விட்ட முடிச்சைத் தொகுப்பின் பெயர் விடுவித்துவிடும். ஒரே ஆசிரியர் ஒரே ஆண்டில் தந்த இரு கதைகள் முன்னறிவோடு நேர்மாறான உறவு கொண்டிருப்பது, இக்கட்டுரையின் கருதுகோளுக்கு அரண் செய்கிறது.

தமிழில் இவ்வகைகள் நூல்வடிவம் பெற்றபோது, கவனம் பெற்றவை பெரும்பாலும் தனியாசிரியர் தொகுதிகளே. சுஜாதாவின் விஞ்ஞானச் சிறுகதைகளும், ஜெயமோகனின் 'விசும்பு', 'நிழல்வெளிக் கதைகள்' ஆகியனவும் சான்று. தனியாசிரியர் தொகுதியில் பொதுமை ஆசிரியரின் குரலில் கிடைத்துவிடுகிறது. பல ஆசிரியர்களை ஒரு பொருளின்கீழ் நிறுத்தும்போதுதான் தொகுப்பாசிரியரின் பொறுப்பு முழுமையாக வெளிப்படும். அத்தகைய தொகுப்புகளைத் திட்டமிடுவோருக்கு ஐங்குறுநூற்றுப் பத்துகளும் அகநானூற்று வைப்புமுறையும் நடைமுறைப் பாடங்களாகத் தக்கவை. பல்கலைக்கழகப் பாடத்திட்டத்திற்கெனத் தொகுக்கப்படும் சிறுகதை நூல்களுக்கும் இது பொருந்தும். கதைக்கு முன்னே வகைப்பெயரைத் தலைப்பாக இடும் வழக்கம், மாணவர் கதையை வாசிக்கும் முன்னரே அவர்களிடம் விடையைத் தந்துவிடுகிறது.

முடிவுரை

பொருண்மைச் சட்டகம் வாசகருக்குத் தரும் முன்னறிவு திகில் கதையின் தயக்கத்தைக் குலைக்கிறது. அறிவியல் புனைகதையின் வியப்பைக் குறைத்து வாதத்தை வளர்க்கிறது. காப்பியம் சார்ந்த மிகுபுனைவிற்கோ முதலாகிறது. ஆகவே மூவகைக்கும் ஒரே தொகுப்பு நெறி பொருந்தாது. திகில் தொகுப்பில் பொருண்மை உருவத்தை விடுத்துச் செயலைப் பற்ற வேண்டும் என்பதை டேட்லோவின் தொகுப்பும், அனுமதியே பொருண்மையாகலாம் என்பதை எல்லிசனின் தொகுப்பும், சுற்றத்தை மாற்றுவதன் வாயிலாக மறைந்த மரபை மீட்கலாம் என்பதைத் தாமஸின் தொகுப்பும் காட்டுகின்றன. ஒன்றை நிலைநிறுத்தி மற்றொன்றை உரிமையுடன் மாறவிடும் தொகுப்பே பயன் தருகிறது. இரண்டையும் நிலைநிறுத்துவது சலிப்பில் முடிகிறது.

ஒரு பொருண்மைத் தொகுப்பின் தகுதியை அதன் பொருண்மைக்கு முற்றிலும் அடங்கிய கதைகளைக் கொண்டு அளத்தல் முறையன்று. 'லாசரஸ்' போலச் சட்டகத்திற்குள் நுழைந்தும் அதற்கு முழுதும் அடங்காத கதைகளுக்கு அது எவ்வளவு இடம் தருகிறது என்பதே அளவுகோல். துறையைப் பாடலின் பின்னே வைத்த தொகுப்பாளர்கள் இவ்வுண்மையை நெடுங்காலத்திற்கு முன்பே தம் வைப்புமுறையால் உணர்த்திச் சென்றுள்ளனர்.